நாடிக்கட்டு

ஞானரத்தினம் அதுவரை நாற்பத்தேழு தடவை செத்திருந்தார். லாரியில் அடிபட்டு, பாம்பு கடித்து, இருமி இருமி ரத்தம் கக்கி, வில்லனின் ஆட்கள் வெட்டி, மகன் வீட்டை விட்டுத் துரத்திய அதிர்ச்சியில் மாரைப் பிடித்துக்கொண்டு. பெரும்பாலும் இடைவேளை விடுவதற்குள் அவர் கதை முடிந்துவிடும். பொங்கல், தீபாவளி என்று எந்தப் படத்தில் அவர் முகம் தெரிந்தாலும், "இந்தாளு இப்பச் செத்துருவாரு பாரேன்" என்று பின்வரிசையில் யாராவது சொல்வார்கள்.

அவர் மனைவி இவாஞ்சலின் அதில் ஒரே ஒரு சாவைத்தான் பார்த்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம். மகன் ரோஷன் வயிற்றில் ஆறு மாசம். இராஜபாளையத்திலேயே படம் ஓடுகிறது என்று சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். திரையில் புருஷன் லாரிச் சக்கரத்துக்குக் கீழே கிடந்ததும் எழுந்து வெளியே வந்தவள், சைக்கிள் ஸ்டாண்டில் நின்று வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவர் நடித்த எதையும் அவள் பார்க்கவில்லை.

அவர் மெட்ராஸில் இருந்தார். அவள் இங்கே, இராஜபாளையத்தில் இருந்தாள். மாசத்துக்கு ஒரு தரம் வருவார், சில சமயம் இரண்டு மாசத்துக்கு ஒரு தரம். வேலை முடிந்த அன்றைக்குப் போன் செய்து, "இன்னிக்கி முடிஞ்சிட்டு" என்பார். செத்தாயிற்று என்று அர்த்தம். "சாப்பிட்டீங்களா?" என்று இவள் கேட்பாள். முப்பத்து நாலு வருஷக் கல்யாணத்தில் பாதிப் பேச்சு இந்த இரண்டு வரிதான்.

நாற்பத்தெட்டாவது சாவு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று அமைந்தது. வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ். அதுதான் கடைசி என்றும் பேச்சு.

அந்தப் பேச்சு மதுரை ஆஸ்பத்திரியில் நடந்தது. மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் அவள் நம்பவில்லை. இதே மாதிரி உட்காருவதைத்தானே ஊரெல்லாம் திரையில் பார்த்திருக்கிறது! வேர்வையில் பனியன் நனைந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினாள். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் கம்பி வைத்தார்கள்.

"கிறிஸ்மஸ் நாடகத்துல ஞானியா நின்னதுல ஆரம்பிச்சது இவாஞ்சி. போதும்" என்றார், கையில் குழாயோடு படுத்துக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கிட்டேன். அத முடிச்சிட்டு வந்துருதேன். பொறவு உன்கூடத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா கம்பி வச்ச விஷயம் அவிய யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இதுவும் போயிரும்."

அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஒரு படம்தானே.

அன்றைக்குக் காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போதுதான் மாத்திரை டப்பா பிரிட்ஜ் மேலேயே இருப்பதைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது. போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார்.

இவாஞ்சலின் பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறாள். காஸ் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பன்னிரண்டு மணிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மாத்திரை டப்பாவையும் ஒரு தூக்கில் தயிர் சோற்றையும், மில்லில் கழித்துப்போட்ட காடாத் துணியில் ஒரு முழ அகலத்துக்குக் கிழித்த துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளுக்காத, முரட்டுப் பருத்தி. எந்தப் பாரத்தையும் தாங்கும்.

ஷூட்டிங் மடவார்வளாகம் பக்கம் ஒரு பழைய வீட்டில். தெரு முனையிலேயே ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் பந்தல், பாடைக்கு வெட்டிய மூங்கில், வாடகை நாற்காலிகள். ஒரு நிமிஷம் நிஜமான சாவு வீட்டுக்கு வந்த மாதிரியே இருந்தது அவளுக்கு. செருப்பைக் கழற்றப் போய், பிறகு போட்டுக்கொண்டாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வேல்பாண்டி மெலிந்த மனிதர், கையில் இரண்டு போன். விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்டார்.

"ரத்தினம் சார் வீட்டம்மாவா? வாங்கம்மா. ஆனா இப்ப எழுந்திரிக்க முடியாதே. மாலையெல்லாம் போட்டுப் படுக்க வச்சாச்சு. ஒரு மாலை நகந்தாக் கூட கன்டினியூட்டி போயிரும். இந்த ஒரு ஷாட்டு, முடிஞ்சதும் சாப்பாட்டு பிரேக்தான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருக்க வேண்டும். "அம்மாவுக்குச் சந்தோஷம்தான? நம்ம டைரக்டரோட அடுத்த படத்துல சார்தான் முக்கியமான கேரக்டர். நாப்பது நாள் கொடைக்கானல். நேத்து ராத்திரிதான் சரின்னாரு. வீட்டுல சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றாள் இவாஞ்சலின்.

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷப் பழக்கம். யார் வந்து அவரைப் பற்றி என்ன சொன்னாலும் அவளுக்கு முன்னமே தெரியும் என்றுதான் காட்டிக்கொள்வாள். உள்ளே ஏதோ சளுக்கென்று வடிந்து போனது. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

முற்றத்தில் கட்டில். கட்டிலில் அவர்.

நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் ஒற்றை நாணயம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற மனுஷன். மூக்கில் பஞ்சு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. வாய் திறந்துகொள்ளாமல் இருக்க நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்த துணி மட்டும் கண்ணை உறுத்தியது. காஸ் பேண்டேஜ்.

சுற்றிலும் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தடித்த ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரு தாயி. நீ எந்த ஊரு? நான் கூமாப்பட்டி. அங்காளம்மாள்னா தெரியும். நெசச் சாவுக்குத்தான் பாடப் போவேன், இதுக்குக் கூட்டியாந்துட்டாவ. காலையில இருந்து மூணு தடவ அழுதாச்சு, ஆளு இன்னும் சாவ மாட்டேங்காரு."

"ஏன்?"

"வாயப் பொளந்துருதாரு."

அப்போது டைரக்டர் கௌதம்ராஜ் கையைத் தூக்கினார். முப்பது வயசுக்குள் இருக்கும். தாடி, தொப்பி, தூக்கமில்லாத கண். "எல்லாரும் ரெடி. சார், கேமரா உங்களச் சுத்தி ஒரு ரவுண்டு வரும். மூணு நிமிஷம். மூச்சு தெரியக் கூடாது சார்."

பிணம் கட்டைவிரலைத் தூக்கிச் சரி என்றது.

மூணு நிமிஷமா? மூச்சை அடக்குகிற வேலையே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே! இவாஞ்சலின் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அங்காளம்மாள் குரலெடுத்தாள். வெளிநாட்டிலிருந்து ஓடி வந்த மகளாக நடிக்கும் பெண் கட்டிலில் விழுந்து கதறினாள். கேமரா மெல்ல நகர்ந்தது. அவருடைய மார்பு அசையவில்லை. கேமரா தலைப்பக்கம் போனபோது மட்டும் விலாவில் ஒரு சின்ன ஏற்றம், இறக்கம். திருடுகிற மாதிரி ஒரு மூச்சு. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. அவள் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு. நாற்பதில் காஸ் நெகிழ்ந்து முடிச்சு காதுப்பக்கம் சரிய, வாய் மெல்லத் திறந்துகொண்டது.

"கட்! யாருப்பா அது நாடிக்கட்டு? நாலாவது தடவ!"

"நல்ல துணி சார், ராஜபாளையத்துல இருந்து வாங்கிட்டு வந்தது" என்று ஒரு உதவியாளர் ஓடி வந்து, அதே காஸை இன்னும் இறுக்கினான்.

ஞானரத்தினம் கண்ணை மூடியபடியே இருந்தார். கழுத்தோரம் வேர்வை வழிந்தது. மேக்கப்காரர் ஒற்றி எடுத்தார். வேர்வையைப் பார்த்ததும் அவளுக்கு அந்த விடியற்காலை நினைவு வந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். கம்பி வைத்த நெஞ்சு என்று சொன்னால் தொடவே பயப்படுவார்கள். அவருடைய நாற்பது நாளும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அவர் படுத்திருக்கும்போது, அவர் வாயைக் கட்டி வைத்துக்கொண்டு, அவருக்காக அவள் பேசுவதா? அது ஏனோ பிடிக்கவில்லை.

ஐந்தாவது தடவையும் காஸ் வழுக்கியது.

அவள் எழுந்து போனாள்.

"தம்பி, தள்ளு. காஸ் துணி ரத்தத்த உறிஞ்சுறதுக்கு நெய்யுறது. இழுத்தா கொடுக்கும். இது பாரம் தாங்காது." தூக்கைக் கீழே வைத்து, கட்டியிருந்த காடாத் துண்டை அவிழ்த்தாள். அதை நாலாக மடித்து விரலால் நீவிய விதத்தைப் பார்த்து உதவியாளன் விலகிக்கொண்டான்.

பின்னாலிருந்து அங்காளம்மாள் கேட்டாள். "ஏ தாயி, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"மாமனாருக்குக் கட்டினேன். எங்கம்மைக்குக் கட்டினேன்."

"இவரு யாரு உனக்கு?"

"வீட்டுக்காரர்."

அங்காளம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, கிறுக்கச்சி! உசுரோட இருக்க புருசனுக்கு நாடிக்கட்டுதியா? எடு கைய!"

வேல்பாண்டி பதறி ஓடி வந்தார். "வேண்டாம்மா, அபசகுனம், வேற யாராவது..."

"வேற யாரு கட்டினாலும் நெகிழுது. செத்த நேரத்துல முடியட்டும்" என்றாள். சகுனம், அபசகுனம் எல்லாம் அவள் வீட்டில் பேசுவதில்லை. நாடிக்குக் கீழே துணியைக் கொடுத்தபோது, பாதி வளர்ந்த தாடி விரலில் குத்தியது. தோல் சூடாக இருந்தது. அந்தச் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது.

அவர் உதடு அசையாமல் பேசினார். அதுவும் ஒரு தொழில்தான். "வந்துட்டியா?"

"மாத்திரைய விட்டுட்டு வந்துட்டீங்க."

"ரொம்ப இறுக்காத. பொறவு சிரிக்கணும்."

இறுக்காமலும் நெகிழாமலும் உச்சியில் முடிச்சைப் போட்டு, நுனியை உள்ளே சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அங்காளம்மாள் பாட்டு வேறு மாதிரி இருந்தது. இவளைப் பார்த்துப் பார்த்து நிஜமாகவே அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். அழாமல் இருந்தது இவாஞ்சலின் மட்டும்தான். அவளுக்கு எண்ணுகிற வேலை இருந்தது. நூற்று எழுபத்தாறு எண்ணி முடித்தபோது கௌதம்ராஜ் "ஓகே!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நாணயத்தையும் பஞ்சையும் எடுத்தார்கள். நாடிக்கட்டை அவிழ்த்தார்கள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தால்தான் அந்தச் சாவு படத்தோடு போகும், ஆளோடு வராது. யார் ஆரம்பித்த வழக்கமோ, சிரிக்காமல் எந்த யூனிட்டும் கலையாது. நாற்பத்தேழு தடவை சிரித்தவர்தான் ஞானரத்தினம்.

"சார், சிரிங்க" என்றார் கௌதம்ராஜ்.

அவர் சிரித்தார். உதடு விரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இல்ல சார். நல்லா."

மறுபடியும் முயன்றார். அது அழுகிற மாதிரி வந்து நின்றது. ஒரு சொல் சொன்னதும் கண்ணீர் விடவும், இரண்டு நொடியில் வெறி பிடிக்கவும் தெரிந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேல்பாண்டி ஒரு பழைய ஜோக் சொன்னார். லைட்மேன் குரங்கு மாதிரி பல்லைக் காட்டினான். ஒருவரும் சாப்பாட்டுப் பக்கம் நகரவில்லை. பெண்டாட்டி கையால் நாடிக்கட்டியிருக்கிறது, சிரிக்காமல் எப்படி விடுவது?

"சிரிச்சுப்போடுங்கய்யா, வயிறு பசிக்கி" என்றாள் அங்காளம்மாள்.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. வேல்பாண்டியைப் பார்த்தார். பிறகு இவாஞ்சலினைப் பார்த்தார். இவள் பக்கத்தில் வேல்பாண்டி நின்ற விதத்திலேயே, விஷயம் இவள் காதுக்கு வந்துவிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்தது அசதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ரோஷனின் ஸ்கூல் பீஸுக்கு அவள் வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு நாடக செட்டோடு தூத்துக்குடி போய்விட்டு, மூணாம் நாள் வாசலில் வந்து நின்றபோது இருந்த அதே முகம்.

அவளுக்கு ஆயாசமாக இருந்தது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"கொடைக்கானல்ல நாப்பது நாளும் குளிரும்" என்றாள், அடுப்படியில் நின்று பேசுகிற குரலில். "ஸ்வெட்டர் வீட்டுல எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

முதலில் அவர் கண் சுருங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அகப்பட்டுக்கொண்ட மனுஷனின் சிரிப்பு, அடக்க அடக்கப் பொங்கி, மாலையெல்லாம் உதிர உதிரச் சிரித்தார். காரணம் தெரியாமலே யூனிட் முழுக்கச் சிரித்தது.

"கட்! சாப்பாடு!"

மேக்கப் அறையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தயிர் சோற்றைச் சாப்பிட்டார். அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் ஊறுகாயைத் தள்ளி வைத்தாள்.

"இவாஞ்சி, அந்தப் படத்துல நான் சாகல" என்றார் கடைசியில். "மொத சீன்லயும் இருக்கேன், கடைசி சீன்லயும் இருக்கேன். எல்லாரும் போயிருதாவ, நான் மட்டும் உக்காந்து காப்பி குடிக்கேன். அதோட படம் முடியுது. நாப்பது வருஷத்துல ஒருத்தனும் எனக்கு அப்படி ஒண்ணு எழுதல."

"அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

"சொல்லலாம்னுதான்... நீ வேண்டாம்ப."

"வேண்டாம்பேன்தான்." அவள் தூக்கின் மூடியைத் துடைத்தாள். "மூணு நிமிஷம் உங்க நெஞ்சையே பார்த்துட்டு இருந்தேன். இன்னொரு தடவ என்னால எண்ண முடியாது. ஆனா நீங்க காப்பி குடிக்கிறத நான் தட்டி விட்டேன்னு காலத்துக்கும் உங்க மனசுல இருக்கும். அது எனக்கு வேண்டாம். போங்க. ஆனா கம்பி வச்சதச் சொல்லிட்டுப் போங்க. தெரிஞ்சு அவிய கூப்பிட்டா நானே ஸ்வெட்டர் எடுத்துத் தாரேன்."

"தெரிஞ்சா கூப்பிட மாட்டாவ."

"அது அவிய பாடு. மறைச்சிட்டுப் போனா, நான் வீட்டுல ஒவ்வொரு ராத்திரியும் உங்களுக்கு நாடிக்கட்டிட்டே படுத்துக் கிடக்கணும்."

வெகுநேரம் அவர் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். சோறு விரலில் காய்ந்தது. பிறகு எழுந்து, திருநீற்றோடேயே முற்றத்துக்குப் போனார். அவள் கதவோரம் நின்று பார்த்தாள். கௌதம்ராஜ் இலையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். ஞானரத்தினம் பேசப் பேச இளைஞனின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், இவ்வளவு நேரம் மூச்சை... எனக்குத் தெரியாதே சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றது கேட்டது. அப்புறம், "லொக்கேஷன் ரொம்ப உயரம் சார். ஆஸ்பத்திரிக்கே ரெண்டு மணி நேரம். எனக்கு ஆசைதான். புரொட்யூசர்ட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன் சார்."

பேசிட்டுக் கூப்பிடுறேன். அந்த வரியை எத்தனை ஆபீஸ் வாசலில் கேட்டிருப்பார்! ஞானரத்தினம் அந்தப் பையனின் தோளைத் தட்டினார். "நல்ல கதை தம்பி. காப்பி குடிக்கவன் யாரா இருந்தாலும் கைய நடுங்க விடாம பாத்துக்கோங்க. நடுங்கினா அழுகைப் படமாயிரும்."

கம்பெனி வண்டி வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் இருவரும் இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் நிறையப் பேர் நின்றார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க படத்துல சாவீங்கள்ல?"

"எந்தப் படத்துல?"

"எல்லாப் படத்துலயும்தான்!" பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப எதுல சாகுதீக?"

"இன்னிக்கி ஒண்ணு முடிஞ்சிட்டுங்க. அதோட சரி" என்றார் ஞானரத்தினம்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்ததா என்று இவாஞ்சலின் பார்க்கவில்லை. பார்த்தால் துடைத்துவிட்டு வேறு ஏதாவது முகம் வைத்துக்கொள்வார். கொஞ்ச தூரத்துக்கு அந்த முகமே அவருக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மடியில் தூக்கு. தூக்கின் மேல் அந்தக் காடாத் துண்டு. வெளியே எறிந்துவிடலாம் என்று அதைச் சுருட்டினாள்.

அவர் கை நீண்டு வந்து அதை வாங்கிக்கொண்டது. "நல்ல துணி, ஏன் எறியிற?" நெற்றியில் மிச்சமிருந்த திருநீற்றை அதால் அழுத்தித் துடைத்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்ப வைத்தார்.

ஊர் எல்லையில் மில் சங்கு கேட்டபோது மெல்லக் கேட்டார். "நாளைக்கி எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனியிடம் கேட்கிற அதே தொனி. வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

"ஆறு மணி" என்றாள் அவள். "பால் வாங்கப் போகணும். எனக்கு ஏழரைக்கு வேலை."

"காப்பி யாரு போடுறது?"

"போடத் தெரியுமா?"

"குடிக்கத்தான் ஒத்திகை பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் தூக்கமும் வந்துவிட்டது. அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியவள், பழக்கத்தில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றோ பன்னிரண்டோ வரைக்கும் எண்ணினாள்.

பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அவர்தான் எழுப்பினார்.